ஞாயிற்றுக்கிழமை ஏர்கான் கழுவப் போறேன், பெர்மிட்டுக்கு ஆபத்தா?

ஆலங்குடிக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து 5 வருஷம் முடிஞ்சு ஆறாவது நடக்குது. ஊர்ல டெஸ்ட் அடிச்சு கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலை பெர்மிட்ல வந்தவன். கம்பெனி எம் அண்ட் இ சப்கான் (கட்டடத்துக்கு ஏர்கான், கரண்ட் வேலை எடுத்துச் செய்ற துணை கான்ட்ராக்டர்), எனக்கு ஏர்கான் டக்ட் போடுற வேலை. பேசிக் நாளுக்கு 24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓ.டி. ஓடுனப்ப மாசம் 900, 950 பார்த்தேன். போன தீபாவளியோட ஓ.டி. நின்னுபோச்சு. இப்ப 620 சொச்சம் வருது, அதுல கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150 போயிடும். ஊர்ல வீட்டுக்கு காங்கிரீட் போட்டாச்சு, பூச்சு வேலை அப்படியே நிக்குது. அம்மா போன் பண்ணா முதல் பேச்சே சிமெண்டு விலைதான்.

தேக்கால (லிட்டில் இந்தியா) ஒரு கடையில டீ குடிக்கும்போது ஒரு அங்கிள் பழக்கமானார். இந்த ஊர்க்காரர், தமிழ்தான், சொந்தமா வேன் வச்சு வீடு வீடா ஏர்கான் சர்வீஸ் பண்றார். "தம்பி, சண்டே சும்மா தூங்குறதுக்கு என்கூட வா"ன்னார். கிராஞ்சி எம்.ஆர்.டி. வாசல்ல காலைல 9 மணிக்கு ஏத்திக்குவார். நாளுக்கு நாலஞ்சு வீடு. எனக்கு 70 வெள்ளி. இப்படியே 7 மாசம் ஆச்சு.

பிரச்சனை இதுதான். போன மாசம் செங்காங்ல ஒரு வீட்டுல அங்கிள் கீழ வேனுக்குப் போயிருந்தார். நான் கவரைக் கழட்டி உள்ள இருந்த கறுப்புச் சளி மாதிரி அழுக்கை அந்த வீட்டு அம்மாவுக்குக் காட்டினேன். அவங்க அசந்துபோய் போட்டோ எடுத்தாங்க, என் நம்பரும் கேட்டாங்க, குடுத்துட்டேன். சாயங்காலம் பார்த்தா அவங்க புளோக் வாட்ஸப் குரூப்ல என் போட்டோ, என் நம்பர், "ரொம்ப சுத்தமா வேலை செய்ற பையன்"னு. மூணு பேர் நேரா கூப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் "எந்தக் கம்பெனி, பில் குடுப்பீங்களா"ன்னு கேட்டார். நான் தடுமாறினதும் போனை வச்சுட்டார். அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

நாலு தடவை அங்கிள் பேநவ்ல (போன்லயே பேங்குக்குக் காசு அனுப்புறது) காசு போட்டிருக்கார், அதுவும் பேங்க்ல கிடக்கு. யாராச்சும் கேட்டா "தெரிஞ்சவர், சும்மா உதவிக்குப் போனேன்"னு சொன்னா ஏத்துக்குவாங்களா? மார்ச்ல ரிநியூவல். கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, திட்டுறவங்க கொஞ்சம் மெதுவா திட்டுங்க.

துவாஸ்_முருகு:

வர்ற சண்டேலேருந்து போகாதே. அங்கிள்ட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லு, வேற எதையாச்சும் சொல்லு, போகாதே. மத்தத பெரியவங்க வந்து சொல்லுவாங்க.

பழைய_லோரிக்காரன்:

தம்பி, நான் 2008ல வந்தவன். லோரி பின்னாடி உக்காந்து சைட்டுக்குப் போன ஆளு, இப்ப எஸ் பாஸ்ல (பெர்மிட்டுக்கு மேல உள்ள வேலை பாஸ்) சூப்பர்வைசர். திட்ட மாட்டேன், ஆனா நீளமா எழுதுவேன்.

முதல்ல உன் "சும்மா உதவி" கதை. அது எடுபடாது. இங்க வெளிநாட்டு ஆள் வேலைச் சட்டத்துல வேலைக்கு வைக்கிறதுன்னா என்னன்னு எழுதும்போதே, சம்பளம் குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒருத்தன் உழைப்பைப் பயன்படுத்துனா அது வேலைதான்னு எழுதி வச்சிருக்கான். இதுல உனக்கு பேநவ்ல காசு வேற வந்திருக்கு. சரி, அங்கிள்கிட்ட வேலை செய்யல, நானே தனியா செஞ்சேன்னு சொன்னாலும் தப்பிக்க முடியாது. பாஸ் இல்லாம சொந்தத் தொழில் பண்றதும் அதே குத்தம். தண்டனை 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அதுக்கு மேல திரும்ப இங்க வேலைக்கு வர முடியாதபடி தடை.

இதெல்லாம் ஒளிச்சு வச்ச சட்டம் இல்ல. பெர்மிட்டுக்கு முன்னாடி வர்ற ஐபிஏ அனுமதிப் பேப்பரோட தமிழ்லயே ஒரு காப்பி வருமே, நம்மாளுங்க அதை பாஸ்போர்ட் கவர்ல மடிச்சு வச்சதோட சரி. பெர்மிட்ல எந்த முதலாளி பேரு இருக்கோ அவர்கிட்ட மட்டும், எந்த வேலைன்னு இருக்கோ அந்த வேலை மட்டும். வேற தொழில்ல கலந்துக்கக் கூடாது, சொந்தமாவும் தொடங்கக் கூடாது.

இப்ப நான் கண்ணால பார்த்தது. என் ரூம்ல ஒரு அறந்தாங்கிப் பையன் இருந்தான். அடுக்குக் கட்டில்ல அவனுக்குக் கீழ் பங்க், எனக்கு மேல் பங்க். சனி, ஞாயிறு ராத்திரி ஒரு சாப்பாட்டுக் கடையில தட்டு கழுவப் போவான். மணிக்கு 6 வெள்ளி. ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு நாலு பேர் சாதாரண சட்டை பேண்ட்ல வந்து உக்காந்து டீ சொல்லியிருக்காங்க. டீ வந்ததும் ஒருத்தர் எழுந்து நேரா பின்கட்டுக்குப் போய் "பெர்மிட்"னு கை நீட்டியிருக்கார். இவன் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், இடுப்புல ஏப்ரன், ரெண்டு கையும் சோப்பு நுரை. "ஓனர் என் பிரெண்ட், பார்க்க வந்தேன்"னு சொல்லியிருக்கான். அந்தக் கோலத்துல நின்னுகிட்டு!

கம்பெனி மறு நாளே பெர்மிட்டை கேன்சல் பண்ணுச்சு. கேஸ் முடியற வரைக்கும் ஸ்பெஷல் பாஸ். அதை வச்சுக்கிட்டு வேலைக்குப் போக முடியாது, ஊருக்கும் போக முடியாது. நாள் முடிய முடிய பெண்டமியர் ரோட்டுல இருக்கிற மனிதவள அமைச்சு ஆபீசுக்குப் போய் நீட்டிச்சுக்கிட்டு வரணும். அஞ்சு மாசம். லிட்டில் இந்தியாவுல வேலை இல்லாத தொழிலாளிங்களுக்கு டி.டபிள்யூ.சி.2ங்கிற தொழிலாளர் உதவி அமைப்பு ஆளுங்க இலவசமா சாப்பாடு போடுவாங்க, அங்கதான் சாப்பிட்டான். கடைசில அபராதம் கட்ட ஊர்லேருந்து வட்டிக்குக் காசு வந்துச்சு. தங்கச்சிக்குன்னு முஸ்தபால வாங்கின ரைஸ் குக்கரை அவசரத்துல கட்டிலுக்கு அடியிலயே விட்டுட்டுப் போயிட்டான். இன்னிக்கும் அதுலதான் நான் சோறு வடிக்கிறேன். அனுப்பி வைக்கட்டுமான்னு கேட்டா, "வேணாம்ணே, அதைப் பார்த்தா எனக்கு என்னவோ பண்ணும்"ங்கிறான்.

கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு கேட்டே. உனக்காக முதலாளி கவர்மெண்டுக்கு 5,000 வெள்ளி பாண்ட் (பிணைத் தொகை) கட்டியிருக்கான். ஆளு கண்டிஷனை மீறுறான்னு தெரிஞ்சதும் தகவல் குடுத்துட்டா அவன் தலை தப்பும், மறைச்சா அந்த 5,000 போகும். நல்ல முதலாளியா இருந்தாலும் இந்த இடத்துல உன் பக்கம் நிக்க மாட்டான்.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. அங்கிள் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வாங்குறார்னு பார்த்திருக்கியா? மூணு யூனிட் இருக்கிற வீட்டுக்கு சாதாரண சர்வீஸ்னாலே 80, 90 வெள்ளி. நாலு வீடுன்னா 350. உனக்கு 70. மாட்டினா அவர் இந்த ஊர்க்காரர், வக்கீல் வச்சு இங்கேயே இருந்து கேஸ் நடத்துவார். உனக்குப் பிளேன் டிக்கெட். அப்புறம் அந்த கம்ப்ரெசர். ஜன்னலுக்கு வெளிய லெட்ஜ்ல இருக்குமே, அதை எட்டி எட்டிக் கழுவும்போது பெல்ட் மாட்டியிருந்தியா? சைட்ல ரெண்டு மீட்டர் ஏறினாலே ஹார்னஸ் எங்கன்னு கத்துறேன் நான். 11வது மாடி ஜன்னல்ல யார் கத்துவா? கம்பெனி எடுத்திருக்கிற வேலை விபத்து இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்கு, அங்கிள் வேலைக்கு இல்ல.

மெசேஜை அழிக்கிறது, கதை ஜோடிக்கிறது எதுவும் செய்யாதே. நாளைக்கு யாராச்சும் கூப்பிட்டு விசாரிச்சா பொய் சொன்னது தனிக் குத்தமா சேரும். போறதை நிறுத்து. அந்த வீட்டம்மாட்ட மரியாதையா "அக்கா, என் நம்பரை எடுத்துடுங்க, நான் தனியா வேலை எடுக்கிறது இல்ல"ன்னு ஒரு வரி அனுப்பு. காசுக்கு என்ன வழின்னு நாளைக்கு எழுதுறேன், இப்ப கண்ணு சொருகுது.

கிராஞ்சி_ராஜா:

அண்ணே ஏன் பையனை இப்படிப் பயமுறுத்துறீங்க? எங்க டார்ம்ல பாதிப் பேர் சண்டே எங்கயாவது போறான். பெயிண்ட் அடிக்கிறான், மூட்டை தூக்குறான், வீடு மாத்தறவனுக்கு சோபா தூக்குறான். பத்து வருஷமா ஒருத்தனும் மாட்டல. இவன் செஞ்ச தப்பு நம்பர் குடுத்தது. கையில காசு வாங்கணும், வாயை மூடிக்கணும், அவ்வளவுதான். 620 வெள்ளில குடும்பம் நடத்திப் பார்த்தா தெரியும்.

பழைய_லோரிக்காரன்:

ராஜா, 620ல நடத்திப் பார்த்தவன்தான் நான். அன்னிக்கு 18 வெள்ளி பேசிக். மாட்டினவன் டார்ம்ல இருக்க மாட்டான், அதனாலதான் உன் கண்ணுக்கு யாரும் மாட்டல. என் ரூம்ல அந்தக் கீழ் பங்க்ல மறு வாரமே வேற ஆள் வந்துட்டான், அவன்கிட்ட கேட்டா அவனும் "இங்க யாரும் மாட்டல"ன்னுதான் சொல்லியிருப்பான்.

பொங்கோல்_மாலா:

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வீட்டுக்காரங்க பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். போன வருஷம் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் பாதி விலைக்கு வந்தார். கூட இரண்டு பையன்கள். மத்தியானம் நான் மீகோரிங் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "வாரத்தில் நாங்கள் கப்பல் பட்டறையில் இருக்கிறோம் அக்கா" என்று ஒரு பையன் சொல்லிவிட்டான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாஸ் இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் வைத்தவருக்கு 5,000லிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறையும் உண்டு. எனக்குத் தெரியாது என்று சொன்னால் மனிதவள அமைச்சு அதோடு விட்டுவிடும் என்று நம்ப முடியாது.

அன்று என்ன செய்தேன் தெரியுமா? முழுக் காசையும் கொடுத்து, பாதிச் சுவரோடு அனுப்பிவிட்டேன். என் கணவர் இன்னும் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அதனால் தம்பி, அந்தச் செங்காங் அம்மாவும் இது தெரியாமல்தான் உங்கள் படத்தைப் போட்டிருப்பார். நீங்கள் எடுக்கச் சொன்னால் உடனே எடுத்துவிடுவார். பில் கேட்டவர் ஒருவேளை என்னைப் போலப் பயந்தவராக இருக்கலாம். எல்லாரும் புகார் கொடுப்பவர்கள் அல்ல.

செம்பவாங்_சேகர்:

நடுவுல ஒரு சந்தேகம். என் கதை வேற. என் முதலாளியே என்னை சண்டேல அவர் தம்பி நடத்துற மினி மார்ட்ல சாமான் அடுக்கச் சொல்றார். "எல்லாம் நம்ம குடும்பம்தான்டா"ங்கிறார். காசும் குடுக்கிறார். அப்பக்கூட தப்பா? இன்னொண்ணு, ரூம்மேட் சனிக்கிழமை பிரியாணி செஞ்சு டார்ம்ல பொட்டலம் 4 வெள்ளின்னு விக்கிறான். அதுவுமா?

பழைய_லோரிக்காரன்:

சேகர், பெர்மிட்ல தம்பி கடை பேரு இருக்கா? இல்லேல்ல. வேலையும் வேற, இடமும் வேற. முதலாளி சொன்னாலும் தப்புதான், ஆனா இங்க அவர் மேலயும் கேஸ் வரும். அவர் சொன்ன மெசேஜை பத்திரமா வச்சிரு. நேரா எதிர்த்துப் பேச பயமா இருந்தா மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டருக்குப் போன் பண்ணு, தமிழ்ல பேச ஆள் இருக்கு.

பிரியாணி கேள்விக்கு, ரூம்ல பத்துப் பேர் காசு போட்டு ஆக்கித் தின்னா அது சோறு. பொட்டலம் கட்டி விலை சொன்னா யாவாரம். நல்லா இருக்குமா அந்தப் பிரியாணி? சும்மா கேட்டேன்.

இப்ப ஆலங்குடித் தம்பிக்கு. நேத்து சொன்ன காசு விஷயம். உன் பெர்மிட் எந்த லெவல்னு பார். பேசிக் ஸ்கில்டுன்னா உனக்காகக் கம்பெனி கவர்மெண்டுக்கு மாசம் 900 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஆளை வச்சதுக்கு வரி மாதிரி) கட்டுது. ஹையர் ஸ்கில்டுன்னா 500தான். 2024 ஜனவரிலேருந்து இதுதான் கணக்கு. நீ பரீட்சை எழுதி மேல போனா கம்பெனிக்கு மாசம் 400 வெள்ளி மிச்சம். அதுல நூறு, நூத்தம்பதை எனக்குக் குடுன்னு கேக்கிறதுக்கு உனக்கு உரிமை இருக்கு, கேட்டு வாங்கினவன் நிறையப் பேர் இருக்கான். நானே அப்படித்தான் மேல வந்தேன். கோர்டிரேட், மல்டி ஸ்கில்லுன்னு ரெண்டு மூணு வழி இருக்கு, உன் வேலைக்கு எது ஒத்துவரும்னு கம்பெனி ஆபீஸ்ல கேளு. வெக்கப்படாதே, அவங்களுக்கும் லாபம்தான்.

அவன் மசியலையா? பெர்மிட் முடியறதுக்கு 40 நாளைக்கும் 21 நாளைக்கும் நடுவுல வேற கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி உனக்கு அப்ளை பண்ணலாம், இப்ப இருக்கிற முதலாளி ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல. மார்ச்ல ரிநியூவல்னா ஜனவரிலயே ஓ.டி. உள்ள கம்பெனியைத் தேட ஆரம்பி. ஆனா ஏஜென்ட் எவனாச்சும் 3,000 குடு, 4,000 குடுன்னா ஓடி வந்துரு.

முன்னாடி எல்லாம் பெர்மிட்டுக்கு இத்தனை வருஷம்தான்னு ஒரு வரம்பு இருந்துச்சு. 2025 ஜூலைல அதை எடுத்துட்டாங்க, வயசும் 63 வரைக்கும் இருக்கலாம். உனக்கு என்ன, முப்பது இருக்குமா? கணக்குப் போட்டுப் பாரு, 70 வெள்ளிக்கு எதை அடகு வைக்கிறேன்னு.

கிராஞ்சி_ராஜா:

லெவி விஷயம் எனக்குத் தெரியாதுண்ணே. 400 வெள்ளியா? அப்ப எங்க கம்பெனில 30 பேருக்கும் இவனுங்க வேணும்னே டெஸ்ட் அனுப்பாம இருக்கானுங்களா?

பழைய_லோரிக்காரன்:

வேணும்னே இல்ல, சோம்பேறித்தனம். பாஸ் ஆயிட்டா ஆளு வேற கம்பெனிக்கு ஓடிருவான்னு ஒரு பயமும் இருக்கு. போய்க் கேளு.

ஆலங்குடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மாலா அக்காவுக்குத் தனியா ஒரு நன்றி. நீங்க சொன்ன மாதிரியே அந்த செங்காங் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். பத்து நிமிஷத்துல போட்டோவை எடுத்துட்டாங்க. "சாரி தம்பி, உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சேன்"னு எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சதும் மனசு கேக்கல.

அங்கிளுக்குப் போன் பண்ணி இனிமே வரலன்னு சொன்னேன். முதல்ல 80 தர்றேன்னார். அப்புறம் 90. அப்புறம் "உன்னை மாதிரி நூறு பேர் கிடைப்பான்"னு வச்சுட்டார். நாலு சண்டே காசு, 280 வெள்ளி பாக்கி இருக்கு. கேட்டேன், பதில் இல்ல. இதைக் கேட்டு எங்கயாச்சும் போக முடியுமா, இல்ல போனா நானே மாட்டிக்குவேனா?

பழைய_லோரிக்காரன்:

280ஐ நீயா போய்த் துரத்தாதே. ஹோம்ங்கிற தொழிலாளர் உதவி அமைப்பு, டி.டபிள்யூ.சி.2 மாதிரி இடத்துல போய் நடந்ததை மறைக்காம சொல்லி, என்ன செய்யலாம்னு கேளு. அவங்க சொல்றபடி நட. வராமலும் போகலாம், அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்க. கம்பெனில கேட்டியா?

ஆலங்குடிக்காரன்:

கேட்டேன்ணே. ஆபீஸ்ல இருக்கிற சீன அக்கா கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு நீ பேசிக் ஸ்கில்டுதான்னாங்க. டெஸ்ட் எழுதுறேன், கம்பெனி பீஸ் கட்டுமான்னு கேட்டேன். பாஸைக் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. 900, 500 கணக்கை நான் சொன்னதும் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, "யாரு உனக்கு சொன்னா?"ன்னு.

நேத்து சண்டே. ஏழு மாசத்துக்கு அப்புறம் 11 மணி வரைக்கும் தூங்கினேன். எழுந்து கவரால் துணி ரெண்டையும் ஊறவச்சேன். பாக்கெட்ல அங்கிள் வேன் சாவி ஒண்ணு கிடந்துச்சு, டூல் பாக்ஸ் எடுக்கப் போனப்ப வாங்கினது. அதை எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

துவாஸ்_முருகு:

கவர்ல போட்டு போஸ்ட் பண்ணிடு. நேரா போகாதே, போனா வேன்ல ஏத்திடுவார்.